உடையாத துண்டு

எங்கள் தொழிற்சாலையில் எனக்குக் கோடீஸ்வரி என்று பெயர். சம்பளத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அதைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி வைத்திருப்பார்கள். வெல்டிங் செய்த அலுமினியத் தகட்டைக் கையகலத் துண்டுகளாக அறுத்து என்னிடம் தருவார்கள். ஒன்றை எடுத்து மெஷினில் மாட்டிப் பொத்தானை அழுத்துவேன். மெஷின் அதை இழுக்கும், விடும். இழுக்கும், விடும். ராத்திரி பகல் பார்க்காமல் இப்படி ஒரு கோடி தடவை. கோடியைத் தொட்டும் உடையாவிட்டால் துண்டு பிழைத்தது. பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கட்டுவேன். நடுவிலேயே உடைந்தால் சிவப்புச் சீட்டு. ஒரு கோடிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை நான் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான். வீட்டிலும் எனக்கு அதே வேலை என்பதால் நல்ல தேர்ச்சி இருந்தது.

வீட்டில் நான் காத்திருந்தது என் கணவருக்காக. அவரும் இதே தொழிற்சாலை ஆள்தான். பயணிகள் படகுகளுக்கு அலுமினியச் சட்டங்கள் செய்து கடல் கடந்து ஒரு துறைமுகத்துக்கு எங்கள் கம்பெனி விற்றிருந்தது. வெல்டிங் செய்த அலுமினியத்துக்கு எப்போதும் ஓரத்தில்தான் கண்டம். வெல்டிங் கோடு தகட்டோடு சேருகிற அந்த ஓரத்தில்தான் விரிசல் முதலில் வாய் திறக்கும். உப்புத்தண்ணீரும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சில படகுகளில் மயிரிழை விரிசல் தெரிந்ததும் அங்கிருந்து ஆள் மேல் ஆள் விட்டார்கள். அதற்கு எங்களிடம் இருந்த ஒரே வைத்தியம் ஊசித் துப்பாக்கி. காற்றழுத்தத்தில் படபடவென்று குத்தும் மழுங்கிய ஊசிகள். அதை வைத்து ஓரத்தை நெடுக அடித்துக்கொண்டே போக வேண்டும். அடி வாங்கிய மேல்தோல் இறுகிப் போகும். இறுகிய இடத்தில் விரிசல் அவ்வளவு சுலபமாகத் தலைகாட்டாது. ஆனால் அது கை வேலை. ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு ஓரமாக அடிக்க வேண்டும். எங்கள் ஆட்களில் அதில் கெட்டிக்காரர் இவர். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு விமானம் ஏறினார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்து போனார். எல்லாப் படகும் முடிய வேண்டும், இல்லையென்றால் இந்தக் கை வேலையே தேவைப்படாத மாதிரி வேறு வழி பிறக்க வேண்டும், அதுவரை அங்கேதான் என்று ஒப்பந்தம்.

எனக்கு அவர் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போனில் வருகிறவர் பாதி ஆள். ஊசித் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும், அதனால் வீட்டில் எதையும் கத்தித்தான் பேசுவார். “உப்பு எங்க?” என்று கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும். நானும் அவரைப் பெற்ற அத்தையும் அதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. இப்போது எங்கள் இரண்டு அறை வீட்டில் கரண்டி விழுந்தால்தான் சத்தம். சில நாள் கட்டிலில் அவர் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டு, என் பக்கம் காலியாக இருப்பதாக நினைத்துக்கொள்வேன். அப்போது அவர்தான் எனக்காகக் காத்திருக்கிற மாதிரி தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான்.

வேறு வழி பிறந்தது. மேலாளர் ஒரு யோசனை சொன்னார். சட்டங்களைப் புதிதாகச் செய்வோம். ஊசிக்குப் பதில் ஒரு பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடி மணிகளைக் காற்றில் வாரி அடிப்போம். இரும்பு மணி கூடாது, அதன் தூள் அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்துக் காரியத்தைக் கெடுத்துவிடும். மணி அடித்த பிறகு அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் விட்டால் மேலே கெட்டியாக ஒரு சாம்பல் படலம் வளரும். விரிசலுக்கு மணி, உப்புக்குப் படலம். எல்லாம் மெஷின் வேலை. பெட்டியில் கட்டி அனுப்பினால் அங்கே பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டு இதைப் போல்ட் போட்டு முடுக்குவார்கள். ஊசிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் படகுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆறு துண்டு. உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொன்றும் கோடியைத் தாண்ட வேண்டும்.

மணி அடிக்கிறவரை நாங்கள் குண்டு அண்ணன் என்போம். ஆள் ஊதினால் பறந்துவிடுவார். ரேக்கிலிருந்து ஒரு தகட்டை எடுத்து, மணி அடித்து, தொட்டியில் முக்கி, ஆறாக அறுத்து, தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். “இந்தா தங்கச்சி, உன் மாப்பிள்ளையை ஆறு துண்டா கொண்டாந்திருக்கேன். ஒட்டவச்சு எடுத்துக்கோ” என்றார். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்று முதல் அத்தைக்கு நான் வானிலை அறிக்கை வாசிக்க வேண்டியதாயிற்று. செருப்பைக் கழற்றுவதற்குள், “எவ்வளவு ஆச்சு?” என்பார்.

“அறுபது லட்சம் அத்தை.”

“நேத்து அம்பத்தொண்ணு சொன்னே. என்ன, இன்னிக்கு மெதுவா ஓடுதா?”

“அது எப்பவும் ஒரே மாதிரிதான் ஓடும்.”

“நீ கொஞ்சம் வேகமா ஓட விட்டாத்தான் என்ன?”

முதல் துண்டு பிழைத்தது. இரண்டாவதும். மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மின்சாரம் போய் மெஷின் நின்றது. உடைந்துவிட்டது என்று நினைத்துச் சிவப்புச் சீட்டைக்கூட எடுத்துவிட்டேன். அதுவும் பிழைத்தது. நான்கு, ஐந்து. அத்தை தன் மகனுடைய அலமாரியைக் காலி செய்து, துடைத்து, சட்டைகளை வெயிலில் போட்டு மறுபடி அடுக்கினார். தலையணை உறையை மாற்றினார். ஒரு வாரம் கழித்து மறுபடி மாற்றினார். நான் புதிதாக ஒரு படுக்கை விரிப்பு வாங்கி வந்தேன்.

ஆறாவது துண்டு ஒரு மத்தியானம் கோடியைத் தொட்டது. என் அறைக்குள் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். மேலாளர், “அறிக்கையை எழுதிட்டு வாம்மா, சாயங்காலமே அனுப்பிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போன பிறகு துண்டைக் கழற்றினேன். உடைந்த துண்டைத்தான் நாங்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்போம். உடையாததை யாரும் பார்ப்பதில்லை. அப்படியே சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டுவிடுவோம். மாட்டும்போதும் ஓரத்தைச் சுற்றி உப்புத்தண்ணீருக்கான ரப்பர் பெட்டி மூடிக்கொள்ளும். இதைக் குழாயடியில் வைத்து நான் கழுவியதற்குக் காரணம் சந்தோஷம்தான். உப்புப் போகத் தேய்த்தேன். குழந்தைக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி தேய்த்தேன்.

கட்டைவிரல் நகம் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

மணி அடித்த இடம் சொரசொரவென்று ஒரே சீராக இருக்கும், பள்ளம் விழாது. ஊசிதான் பள்ளம் போடும். மறுபடி நகத்தை ஓட்டினேன். பாதி வழியில் பள்ளம் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்து, வால் மாதிரி மெலிந்து, மறுபடி தொடங்கியது. ஊசித் துப்பாக்கியை எல்லாரும் முன்னால் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே ஒருவர்தான் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு வருவார், ஒவ்வொரு இழுப்பும் முடிகிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பித் தூக்குவார்.

பெட்டியைத் திறந்து மற்ற ஐந்தையும் எடுத்தேன். பச்சைச் சீட்டு தொங்கிய ஒவ்வொன்றிலும் நகத்தை ஓட்டினேன். ஐந்திலும் அவர்.

அவரைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு போன் போட்டேன். அங்கே அவர் வேலை முடிந்து அறைக்கு வந்திருந்தார். “என்ன, கோடி வந்துடுச்சா?” என்று கத்தினார்.

“வந்துடுச்சு. ஒண்ணு கேக்கணும். லீவுல வந்தப்ப, புது ஆளுங்களுக்கு ஊசி பழக்கித் தரச் சொல்லி ஒரு நாள் இங்க கூப்பிட்டாங்களே. அடிச்சுக் காட்டின தகடு எங்க?”

“ரேக்குலதான் வச்சேன். ஏன்?”

அவருக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை. நான் சொல்வதற்குள் அவரே பிடித்துவிட்டார்.

“குண்டு அண்ணன் அதை எடுத்துட்டாரா?”

“ஆறும் உங்க தகடு. ஊசி மேல மணி அடிச்சிருக்கார். எது காப்பாத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மணி மட்டும் அடிச்ச தகடு ஒண்ணுகூட என் மெஷின்ல ஏறல.”

“வேற யாருக்காவது தெரியுமா?”

“எனக்கு மட்டும்தான்.”

“சொல்லாம விட்டா?”

“விட்டா அடுத்த மாசம் நீங்க வீட்ல இருப்பீங்க.”

அப்புறம், “காலைல படகுல ஒரு நர்ஸ் அம்மா வருவாங்க. ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு. ஏறினதும் அந்தச் சட்டத்துல தலையைச் சாய்ச்சுத் தூங்கிடுவாங்க” என்றார்.

“இப்ப எதுக்கு அந்தம்மா கதை?”

“சும்மா சொன்னேன். நீயே முடிவு பண்ணு.”

சும்மாவாம். இவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் இதுதான். நல்லவராக இருப்பதை இவர் வைத்துக்கொள்வார், முடிவெடுப்பதை என் தலையில் கட்டுவார். போனை வைத்துவிட்டேன். முகமே தெரியாத ஒரு நர்ஸ் மேல் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறாமைப்பட்டேன். அவள் தினமும் காலையில் அவரைப் பார்க்கிறாள்.

பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆறாவதில் கட்டினேன். மேலாளர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் எதிரில் உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமா என்ன? அவர் போனை வைத்துவிட்டு, “என்னம்மா, சந்தோஷமா? வீட்டுக்காரர் வந்துடுவார்” என்றார். உடனே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“சார், இந்தத் துண்டுல என் வீட்டுக்காரர் கை இருக்கு.”

“இருக்காதா பின்ன? நம்ம எல்லார் கையும் இருக்கும்மா. கூட்டு முயற்சி.”

“அது இல்ல சார். நெஜமாவே இருக்கு. இந்த ஓரத்துல நகத்தை வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். மனிதருக்கு நகம் கடிக்கிற பழக்கம்; பத்து விரலிலும் பேருக்குக்கூட நகம் இல்லை. கடவுளே இன்னொரு தடவை யோசிக்கச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. “சரி சார், ஒண்ணும் இல்ல” என்று எழுந்திருக்கலாம். நான் அவருடைய மேஜை விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி துண்டைப் பிடித்துக் காட்டினேன். பள்ளம் நிழலாகத் தெரிந்தது. வாலும் தெரிந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார்.

“அது எனக்குத் தெரியும் சார்” என்றேன். பச்சைச் சீட்டை நானே கழற்றினேன்.

குண்டு அண்ணன் இரண்டு நாள் என் கண்ணில் படவே இல்லை. மூன்றாம் நாள் வந்து, “ரேக்குல தகடோட தகடாத்தான் இருந்துச்சு தங்கச்சி” என்றார். அவர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் அத்தையிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த நகத்தை வெட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார். அப்புறம் எனக்குச் சாப்பாடு போட்டார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

புதுத் தகடு வெல்டிங் செய்து, மணி மட்டும் அடித்து, தொட்டியில் முக்கிக் கொண்டுவந்தார்கள். அதை ஒரு மெஷினில் மாட்டினேன். பக்கத்து மெஷினில் அவருடைய ஆறாவது துண்டையே மறுபடி மாட்டச் சொன்னார் மேலாளர். எதுவரை தாங்குகிறது, பார்க்கலாம் என்றார். மணி மட்டும் அடித்தது மூன்றாம் நாள் காலையில், நான் பக்கத்தில் நிற்கும்போதே, டக்கென்று உடைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உப்புத்தண்ணீர்ப் பக்கம் அந்தச் சாம்பல் படலம் வெடித்து, அங்கிருந்து விரிசல் உள்ளே இறங்கியிருந்தது. நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காக எனக்கு யார் மேலாவது எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அவருடையது ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. தினமும் காலையில் அதன் முன்னால் போய் நின்று, “உடைஞ்சு தொலையேன்” என்பேன். யாராவது பக்கத்தில் வந்தால், “இன்னும் நிக்குது பாருங்க” என்று பெருமையாகக் காட்டுவேன். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தது.

அறிக்கை போனது. படகுக்காரர்கள் பதில் எழுதினார்கள். ஊசிதான் காப்பாற்றுகிறது என்றால் புதுச் சட்டம் எதற்கு? இருக்கிற சட்டத்திலேயே ஊசி அடித்துவிடுங்கள், ஆள்தான் இங்கேயே இருக்கிறாரே. அடிக்கிறது இதே கையாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மேலாளர் அதைப் படித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகத்தைக் கடித்தார். இனிமேல் எத்தனை படகு, எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை.

மெஷின் அறையிலிருந்தே அவரைக் கூப்பிட்டேன். செய்தி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது.

“இன்னும் ஓடுதா?” என்றார்.

“ஓடுது. பாழாப் போன கை.”

சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க” என்றேன். “அன்னிக்கு சும்மா பழக்கிக் காட்டத்தானே அந்தத் தகட்டை எடுத்தீங்க? நாளைக்கு உடைசல்ல போடப் போற தகடு. அதைப் போய் எதுக்கு அவ்வளவு ஒழுங்கா அடிச்சீங்க? கொஞ்சம் ஏனோதானோன்னு அடிச்சிருக்கக் கூடாதா? துண்டும் உடைஞ்சிருக்கும், இந்த ஊசியே வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. நீங்க வீட்ல இருந்திருப்பீங்க.”

“அன்னிக்கு நீ கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டிருந்தே.”

நின்றேன்தான். டீ நேரத்தில் யாருக்கும் தெரியாமல் போய் நின்றேன். மறுநாள் அவருக்கு விமானம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் அடைப்பானும் முகத்தில் மூடியுமாக, குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“நீங்க பாக்கவே இல்லையே?”

“தகடு பளபளன்னு இருந்துச்சு. அதுல நீ தெரிஞ்சே. நீ போற வரைக்கும் அடிச்சிட்டிருந்தேன்” என்றார். “அதை எப்படி ஏனோதானோன்னு அடிக்கிறது?”

பக்கத்தில் மெஷின் அவருடைய துண்டை இழுத்தது, விட்டது. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரை வரச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் அவர் அங்கே நிம்மதியாக இருக்க மாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“வந்துடுங்க” என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். “படகு எப்படியோ போகட்டும், நீங்க வந்துடுங்க.”